சொத்துக் கணக்கு காட்டும் வேட்பாளர், சமூகக் கணக்கு காட்டுவாரா?

மாலை ஆறரை மணி. வட மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் மாரியம்மன் கோயில் தெரு. கொட்டு முழக்கத்தோடு பிரசார வேன் திரும்புகிறது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் வாசலில் காத்திருக்கிறார்கள். கும்பிட்டபடியே வரும் வேட்பாளர் இறங்கி ஒரு குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறார். ஒரு பாட்டி அவர் நெற்றியில் திலகமிடுகிறார். நூறு நாள் வேலை முடிந்து வந்து, முந்தானையை இடுப்பில் செருகியபடி நிற்கும் ஒரு பெண், தட்டைக் கீழே இறக்காமலேயே கேட்கிறார்: “பள்ளிக்கூடம் போற வழியில இருக்குற கடையை எடுப்பீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க.”

“கண்டிப்பா பாத்துக்கலாம்மா. நம்ம ஆட்சி வரட்டும்.” வேன் நகர்ந்துவிடுகிறது.

கொஞ்ச நேரத்தில் எதிரணி வேட்பாளரின் வேன் அதே தெருவுக்குள் நுழைகிறது. அதே பெண் அதே கேள்வியைக் கேட்கிறார். “மனசுல வெச்சிருக்கேன். கண்டிப்பா பாத்துக்கலாம்மா.”

இருவரில் யாருக்கு ஓட்டுப் போடுவது என்று அந்தப் பெண் எதை வைத்து முடிவு செய்வார்?

சாலை, குடிநீர், பேருந்து என்றால் ஒப்பிடுவது எளிது. போட்டாரா, போடவில்லையா என்று கண்ணால் பார்த்துவிடலாம். மதுக்கடை, சாதி மாறிய திருமணம், கோயில் நுழைவு, சுடுகாட்டுப் பாதை, பெண் தலைவர் உட்கார வேண்டிய நாற்காலி என்று வரும்போது எல்லா வேட்பாளரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். ஜெயித்தபின் ஆளுக்கொரு விதமாக நடந்துகொள்கிறார்கள். அந்த வித்தியாசத்தை ஓட்டுப் போடும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் டீக்கடையில் தொடங்கி மகளிர் குழுக் கூட்டம் வரை இன்று பேசப்படும் விஷயம். முடியும் என்பதே என் கருத்து. ஆனால் இப்போது நம் கையில் இருக்கும் ஆவணங்களை மட்டும் வைத்துக்கொண்டு அது நடக்காது.

பிரமாணப் பத்திரத்தில் இல்லாத பத்தி

வேட்புமனுவோடு இணைக்கப்படும் பிரமாணப் பத்திரத்துக்குப் ‘படிவம் 26’ என்று பெயர். பான் எண், ஐந்து ஆண்டு வருமானம், நிலுவையில் உள்ள குற்ற வழக்குகள், பெற்ற தண்டனைகள், கையிருப்பு ரொக்கம், வங்கி வைப்பு, வாகனம், நகை, விளைநிலம், வீடு, கடன், கல்வித் தகுதி என்று பக்கம் பக்கமாகப் போகும். மனைவியின் கழுத்தில் எத்தனை கிராம் தங்கம் என்பது வரை அதில் இருக்கும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் அதைத் தரவிறக்கிப் படிக்கலாம்.

இந்த உரிமை சும்மா கிடைத்துவிடவில்லை. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் தீர்ப்பளித்தது. அதை நீர்த்துப்போகச் செய்ய நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை 2003 மார்ச்சில் அதே நீதிமன்றம் செல்லாததாக்கியது. வேட்பாளரைப் பற்றி அறிவது வாக்காளரின் உரிமை என்பது அதன்பிறகுதான் உறுதியானது.

ஆனால் நம்மால் அறிய முடிந்தது அவருடைய பணத்தையும் வழக்கையும் மட்டும்தான். இவர் ஊரில் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஜோடி ராத்திரி பதினோரு மணிக்கு வந்து கதவைத் தட்டினால் திறப்பாரா, பெண்ணின் அப்பாவுக்குப் போன் போடுவாரா என்பதைச் சொல்லும் பத்தி எந்தப் படிவத்திலும் கிடையாது.

சட்டமன்றக் குறிப்பில் ஏன் தேட முடியாது?

எம்.எல்.ஏ.வாக இருந்தவர் மறுபடியும் நிற்கிறார் என்றால், அவர் சட்டமன்றத்தில் எப்படி வாக்களித்தார் என்று பார்த்தால் போதாதா? போதாது. நம் சட்டமன்றத்தில் மசோதாக்கள் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. ‘ஆம்’ என்போர் குரல் ஓங்கியதா என்று பேரவைத் தலைவர் பார்த்து அறிவித்துவிடுவார். எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் என்று தனித்தனியாகப் பதிவாவது அபூர்வம். அப்படியே பதிவானாலும் கொறடா உத்தரவை மீறினால் பதவி போய்விடும். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் கட்சி மாறுபவர்களைக் கட்டிப்போட்டது. கூடவே உறுப்பினரின் சொந்த மனசாட்சியையும் கட்டிப்போட்டுவிட்டது.

ஆகவே ஒரு உறுப்பினரை அளக்க வேறு தடயங்கள்தான் உதவும். கேள்வி நேரத்தில் எதைக் கேட்டார்? கவன ஈர்ப்புத் தீர்மானம் எதற்குக் கொடுத்தார்? தொகுதியில் ஒரு சாதிக் கொடுமை நடந்தபோது முதலில் எந்தத் தெருவுக்குப் போனார்? எத்தனை நாள் கழித்துப் போனார்? போகாமலே இருந்துவிட்டாரா? கடைசிக் கேள்விக்கு எந்த ஆவணமும் தேவையில்லை, ஊருக்கே தெரியும். ஆனால் தேர்தல் வரும்போது அது மேடையேறுவதில்லை.

மது: வாக்குறுதிகளின் நீண்ட வரலாறு

தமிழ்நாட்டுத் தேர்தல்களில் அதிகமாக வாக்குறுதி தரப்பட்ட சமூகப் பிரச்னை மதுதான். அரசமைப்புச் சட்டப்படி மது மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கிறது. “மத்திய அரசு விடவில்லை” என்று இதில் யாரும் சொல்லித் தப்பிக்க முடியாது.

2016 சட்டமன்றத் தேர்தல் நினைவிருக்கும். அதற்கு முந்தைய ஆண்டு, 2015 ஜூலை 31 அன்று, குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். மாநிலம் கொதித்தது. தேர்தல் வந்தபோது தி.மு.க. முழு மதுவிலக்கு என்றது. அ.தி.மு.க. படிப்படியாக என்றது. பா.ம.க. நெடுங்காலமாகச் சொல்லிவந்ததை மறுபடியும் சொன்னது. மூன்று நிலைப்பாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்த அபூர்வமான தேர்தல் அது. வென்ற ஜெயலலிதா பதவியேற்ற நாளிலேயே 500 கடைகளை மூடும் கோப்பில் கையெழுத்திட்டார். 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி இன்னொரு 500. 2023 ஜூனில் மு.க.ஸ்டாலின் அரசு மேலும் 500. இத்தனைக்குப் பிறகும் 2023-24-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் ரூ.45,855 கோடி. கடைகள் குறைந்தன, வருமானம் குறையவில்லை. “எத்தனை கடையை மூடுவீர்கள்?” என்று வேட்பாளரிடம் கேட்பது ஏன் பலன் தருவதில்லை என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

மாறாகக் கேட்க வேண்டியது, எந்தக் கடை எங்கே போகும் என்பதை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. 2017 ஏப்ரல் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான கடைகளுக்கு ஒரே நாளில் பூட்டு விழுந்தது. நல்லதுதானே என்று நினைத்தோம். அடுத்த வாரமே அந்தக் கடைகளுக்குக் குடியிருப்புத் தெருக்களிலும் வயல் வரப்புகளிலும் புது இடம் தேடத் தொடங்கினார்கள். கைக்குழந்தையோடு பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியல் செய்த ஒரு பெண்ணைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. அந்தச் சில வாரங்களில் எந்த எம்.எல்.ஏ. பெண்களோடு போய் உட்கார்ந்தார், எவர் கட்டடம் வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கப் பின்னால் நின்றார் என்பது அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வேட்பாளரின் நிலைப்பாடு என்று நான் சொல்வது இதைத்தான்.

மறுதரப்பு வாதமும் இருக்கிறது, அதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். கடைகளை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதைக் காட்டி ஒருவர் “கடை இருக்கட்டும்” என்றால், அது ஒரு நிலைப்பாடு. வெளிப்படையாகச் சொல்லட்டும். அப்படிச் சொல்பவரிடம் அடுத்த கேள்வியைக் கேட்கலாம்: டாஸ்மாக் கடைகள் ஊரெங்கும் திறந்திருந்தபோதுதானே கருணாபுரத்தில் சாராயம் விற்றது, அதற்கு யார் பொறுப்பு? ‘பாத்துக்கலாம்மா’ என்பவரிடம் இந்த இரண்டாவது கேள்விக்குப் போகவே முடியாது.

---
பெட்டிச் செய்தி: மதுவிலக்கின் மேடு பள்ளம்

1937 – ராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடக்கம்.
1948 – சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு.
1971 – மு.கருணாநிதி ஆட்சியில் தளர்வு. சில ஆண்டுகளில் மீண்டும் அமல்.
1981 – எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடியும் விலக்கிக்கொள்ளப்பட்டது.
1983 – டாஸ்மாக் நிறுவனம் தொடக்கம்.
2003 – சில்லறை விற்பனையும் டாஸ்மாக் வசம்.

அக்கம்பக்கத்தில்: 1992-ல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்பு, ஆந்திராவில் 1994 தேர்தலின் பேச்சாக மாறியது. என்.டி.ராமாராவ் வென்று 1995-ல் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1997-ல் சந்திரபாபு நாயுடு ஆட்சியில் அது தளர்த்தப்பட்டது. பீகாரில் 2015 தேர்தலில் வாக்குறுதி தந்த நிதிஷ் குமார் 2016 ஏப்ரலில் அமல்படுத்தினார்.
---

கல்யாணம்: வேட்பாளர்கள் வாய் திறக்காத இடம்

மதுவைப் பற்றியாவது மேடையில் பேசுகிறார்கள். சாதி மாறிய திருமணம் என்றால் மைக் அணைந்துவிடுகிறது.

2003-ல் விருத்தாசலம் பகுதியில் ஒரு ஜோடிக்கு விஷம் கொடுத்துக் கொன்றார்கள். வழக்கில் தண்டனை வர 2021 ஆகிவிட்டது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் ஒரு இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டதைக் கண்காணிப்புக் கேமரா பதிவுசெய்தது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு மென்பொருள் பொறியாளர் கொல்லப்பட்டார். படிப்பு, ஐ.டி. வேலை, நகரத்துச் சம்பளம் எதுவும் அவரைக் காப்பாற்றவில்லை.

2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சக்தி வாஹினி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: வயது வந்த இருவர் விரும்பி மணப்பதில் தலையிட எந்தக் கூட்டத்துக்கும் உரிமை இல்லை, மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும், பாதுகாப்பு இல்லம் வேண்டும். இத்தகைய கொலைகளைத் தடுக்கத் தமிழ்நாட்டுக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்று இடதுசாரிக் கட்சிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் தொடர்ந்து கேட்டுவந்தன. 2025 அக்டோபரில் முதலமைச்சர் ஸ்டாலின், இதற்குப் பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். திருமணமும் குற்றவியல் சட்டமும் பொதுப்பட்டியலில் இருப்பதால், மத்தியச் சட்டத்தோடு முரண்படும் எந்த மாநிலச் சட்டமும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால்தான் நிற்கும். சட்டம் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று வேட்பாளர் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எதிர்த்தரப்பில் இருப்பவர்களும் சிலர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். 21 வயதுக்குக் குறைந்த பெண்ணின் திருமணத்துக்குப் பெற்றோர் சம்மதம் தேவை என்று பா.ம.க. பொதுவெளியில் கோரியது. அந்தக் கோரிக்கை எனக்கு ஏற்புடையதில்லை. பதினெட்டு வயதில் ஓட்டுப் போடத் தகுதியான பெண்ணுக்குத் துணையைத் தேர்ந்தெடுக்கத் தகுதியில்லை என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனால் வாக்காளருக்கு அது பயன்படுகிறது. பிடித்தவர் ஓட்டுப் போடலாம், பிடிக்காதவர் வேறு பக்கம் போகலாம். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மாநில மேடையில் பெரியார் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, ஊருக்குள் வந்ததும் “எங்க பக்கம் அந்தப் பிரச்னையே இல்லைங்க” என்று முடித்துக்கொள்ளும் வேட்பாளர் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார். அவர் எந்தப் பக்கம் என்பது ஒரு கொலை விழுந்த பிறகுதான் தெரிகிறது.

கட்சி வேட்பாளரைத் தேர்வு செய்யும் முறையும் இதற்குக் காரணம். தொகுதியில் எந்தச் சாதி எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டுத்தான் சீட்டுக் கொடுக்கிறார்கள். அப்படி நிறுத்தப்பட்டவர் தன் சாதிப் பெரியவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். சாதி, மதம் சொல்லி ஓட்டுக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவின்படி முறைகேடு. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, வேட்பாளரின் சாதி மட்டுமல்ல, வாக்காளரின் சாதியைச் சொல்லிக் கேட்டாலும் முறைகேடுதான் என்று அதன் வரம்பை விரித்தது. சட்டம் பேச்சைத் தடுக்கிறது. சீட்டுக் கணக்கைத் தடுக்க அதனால் முடியவில்லை.

கட்சியே இல்லாத ஓட்டு

இதுவரை சொன்னது சட்டமன்றம். எனக்கு அதைவிடக் கவலை தருவது ஊராட்சி.

---
பெட்டிச் செய்தி: ஒரே சாவடி, நான்கு நிறம்

கிராமத்து வாக்காளர் உள்ளாட்சித் தேர்தலில் நான்கு வாக்குச்சீட்டுகளை வாங்குகிறார். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிச் சின்னங்கள் இருக்கும். வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் இருக்காது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா என்று சுயேச்சைச் சின்னங்கள்தான்.

தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் உள்ளன. பதவிகளில் 50 சதவீதம் பெண்களுக்கு. ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.
---

கட்சிச் சின்னம் இல்லை என்றால் தேர்தல் அறிக்கையும் இல்லை. கேள்வி கேட்கத் தலைமை அலுவலகம் இல்லை, டி.வி. விவாதம் இல்லை. ஆனால் சமூக வாழ்க்கை நடக்கும் இடம் அதுதான். குடிநீர்த் தொட்டிக் குழாய் எந்தத் தெருவில் முதலில் திறக்கும், சுடுகாட்டுப் பாதையை யார் வயல் மறிக்கிறது, திருவிழாவில் யார் தெருவுக்குத் தேர் வரும், சுதந்திர தினத்தன்று பள்ளியில் கொடியை யார் ஏற்றுவது — இவை எல்லாம் தலைவரின் மேஜைக்கு வரும் சங்கதிகள். மதுக்கடை இருக்கும் இடத்தை ஆட்சியர் முடிவு செய்கிறார். கிராம சபைத் தீர்மானம் மட்டும் அதை மூடிவிடாது. ஆனால் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதப்பட்டு, கையெழுத்து விழுந்து, அது ஆட்சியருக்குப் போனால்தான் அடுத்த படி ஏற முடியும். அந்த வரியைச் சேர்ப்பதா, “அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளுவதா என்பதில் தலைவரின் மனசு தெரிந்துவிடும்.

இதன் விலை என்ன என்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். 1996-ல் மேலவளவு ஊராட்சி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராகத் தேர்வான முருகேசன் 1997 ஜூன் 30 அன்று, ஐந்து பேரோடு சேர்த்து வெட்டிக் கொல்லப்பட்டார். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்தாண்டுகள் உள்ளாட்சி முறையாக நடக்கவே இல்லை. வேட்புமனுவே வராது. வந்தாலும் ஆதிக்க சாதியினர் நிறுத்திய ஆள் ஜெயித்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்துவிடுவார். மறுபடி அறிவிப்பு, மறுபடி ராஜினாமா. 2006 அக்டோபரில்தான் அங்கே தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள். ராஜினாமா செய்வதற்காகவே நின்ற அந்த வேட்பாளர்களை யாராவது வாக்குச்சாவடிக்கு முன்பே எழுத்தில் கேட்டிருந்தால்? “ஐந்தாண்டு பதவியில் இருப்பீர்களா?” என்ற ஒற்றைக் கேள்விக்கு அவரால் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. ஊர் முழுக்கப் பயம் கவிந்திருந்த அந்த நாட்களில் கேட்கும் துணிச்சல் யாருக்கு வந்திருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அது அந்தக் காலத்து நிலை.

அப்படியானால் இன்று எல்லாம் சரியாகிவிட்டதா? 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் பட்டியலினப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியானது. பிறகுதான் நடவடிக்கை வந்தது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் போனதைத் தொடர்ந்து எழுந்த தகராறில் 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். பொதுமக்களுக்கு மறுபடி திறக்க 2025 ஆகிவிட்டது. இவை நடக்கும் ஊர்களிலும் தேர்தல் நடக்கத்தான் செய்கிறது. ஓட்டுக் கேட்டு வந்த யாரிடமும் இதைப் பற்றி ஒரு கேள்வியும் எழவில்லை என்றால், அந்தத் தேர்தலில் வாக்காளர் எதைத் தேர்ந்தெடுத்தார்?

தலைவர் பதவியை ஏலம் விடும் ஊர்களும் உண்டு. கோயில் நிதிக்கு அதிகம் தருபவருக்குப் பதவி, மற்றவர்கள் மனுவைத் திரும்பப் பெற வேண்டும். ‘ஒற்றுமை’ என்று அதற்குப் பேர் வைக்கிறார்கள். ஒரு பெண்ணும் ஒரு கூலித் தொழிலாளியும் மனுத்தாக்கல் செய்யவே முடியாத ஒற்றுமை அது. ஏலத்தில் ஜெயித்தவரிடம் எந்தச் சமூகக் கேள்வியையும் கேட்க முடியாது. காசு கொடுத்து வாங்கியவர் யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகத் தன்னை நினைப்பதில்லை.

யாருடைய நாற்காலி?

பாதி இடங்கள் பெண்களுக்கு. 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் 21 மாநகராட்சிகளில் 11 பெண் மேயர்கள் வந்தார்கள். சென்னைக்கு முதன்முறையாகப் பட்டியலினப் பெண் ஒருவர், ஆர்.பிரியா, மேயரானார். வேலூரில் திருநங்கை கங்கா நாயக் கவுன்சிலரானார். பெருமைப்பட வேண்டிய மாற்றம். ஆனால் ஊராட்சி மன்ற அலுவலகத்துக்குப் போய் “தலைவர் இருக்காங்களா?” என்று கேட்டால், பல இடங்களில் கணவர்தான் எழுந்து வருகிறார். சுவரொட்டியிலும் வேட்பாளர் படத்தைவிட அவர் படம் பெரிதாக இருக்கும்.

பெண் வேட்பாளரை ஒப்பிடும்போது இதற்காக அவரைக் குறை சொல்லக் கூடாது. அவரிடமே நேராகப் பேச வாய்ப்புக் கேளுங்கள். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்துக்கு அவரைத் தனியாக அழையுங்கள். கணவரும் மைத்துனரும் இல்லாத ஒரு மணி நேரத்தில் குடிநீர் பற்றியும் கடை பற்றியும் அவர் சொல்வதைக் கேட்டால், இத்தனை நாள் யாரும் அவரிடம் எதையும் கேட்காததுதான் குறை என்று புரியும்.

---
பெட்டிச் செய்தி: கேள்வியில் இருக்கிறது சூட்சுமம்

அமெரிக்காவில் 1920-ல் தொடங்கப்பட்ட மகளிர் வாக்காளர் அமைப்பு, பள்ளி நிர்வாகக் குழுத் தேர்தல் வரைக்கும் எல்லா வேட்பாளருக்கும் ஒரே கேள்விகளை எழுத்தில் அனுப்பி, அவர்கள் சொன்ன சொல் மாறாமல் வெளியிடுகிறது. பதில் தராதவர் பெயருக்கு எதிரே ‘பதில் இல்லை’ என்று இருக்கும். அதே நாட்டில் 1989-ல் தொடங்கிய கிறிஸ்தவக் கூட்டணி என்ற அமைப்பு, கருக்கலைப்பு, பள்ளியில் பிரார்த்தனை போன்றவற்றில் வேட்பாளர்களை ஒப்பிடும் துண்டறிக்கைகளைத் தேர்தலுக்கு முன் தேவாலயங்களில் விநியோகித்தது. ஒரு கட்சிக்குச் சாதகமாகக் கேள்விகள் வளைக்கப்பட்டன என்ற புகார் நீதிமன்றம் வரை போனது. நாமும் கேள்வி தயாரிக்கும்போது இதை மறக்கக் கூடாது. கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்டால் அது பிரசாரமாகிவிடும்.
---

எழுதி வாங்குங்கள்

சட்டமன்றத் தேர்தலில் மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவே குறைந்தது 14 நாட்கள் இருக்கும். கடைசி 48 மணி நேரம் பிரசாரம் கிடையாது. மீதமுள்ள நாட்கள் ஒரு தெருவுக்கோ, மகளிர் குழுவுக்கோ, கல்லூரி மாணவர்களுக்கோ போதும். எல்லா வேட்பாளருக்கும் ஒரே தாள், ஒரே நாள் கெடு. துண்டறிக்கையாக அச்சடித்தால் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவரின் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும், 127ஏ பிரிவு அப்படிச் சொல்கிறது. யாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று அதில் எழுத வேண்டியதில்லை. பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், மற்றதை வாக்காளர் பார்த்துக்கொள்வார்.

கேள்விகள் ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி இருக்கட்டும். ‘சமூக நீதியை ஆதரிக்கிறீர்களா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். இந்தத் தெருக் கடையை இந்த இடத்திலிருந்து மாற்றக் கோரி ஆட்சியருக்கு உங்கள் கையெழுத்தில் கடிதம் தருவீர்களா? சாதி மாறி மணந்த ஜோடி பாதுகாப்புக் கேட்டால் அன்றே காவல் நிலையத்துக்குக் கூட வருவீர்களா? எல்லோருக்கும் பொதுவான சுடுகாடு வேண்டும் என்ற தீர்மானத்தை முதல் கிராம சபையில் முன்மொழிவீர்களா? பெண் வேட்பாளர் என்றால், கூட்டத்தை நீங்களே நடத்துவீர்களா? மழுப்பினால் மழுப்பியதையே பதிவு செய்யுங்கள். தாள் திரும்பி வராவிட்டால் அதையும் பதிவு செய்யுங்கள்.

இந்தக் கேள்வித்தாளால் ஒரு கொலையைத் தடுத்துவிட முடியுமா என்று சந்தேகிப்பவர்களை எனக்குப் புரிகிறது. ஆனால் கையெழுத்திட்ட ஒரு தாள் ஊர் மக்களிடம் இருந்தால், பதற்றமான ராத்திரியில் அந்த வேட்பாளரின் வீட்டு வாசலுக்குப் போய் நிற்க ஒரு பிடி கிடைக்கிறது. 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. யாருடைய வாசலில் போய் நிற்பது என்றே தெரியாமல் தவித்தார்கள் கிராமத்துப் பெண்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் என்பவர் எவ்வளவு தேவை என்று அந்த நாட்கள் காட்டின.

ஊராட்சித் தேர்தலுக்கு இன்னொரு கேள்வியையும் சேர்க்க வேண்டும். அதை வார்டு உறுப்பினர் வேட்பாளர்களிடம் கேட்க வேண்டும். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்வு செய்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்வு செய்கிறார்கள். பட்டியலினத் தலைவர்கள் பலர் செயல்பட முடியாமல் முடங்கியது இந்த இரண்டாவது கையெழுத்தில்தான். காசோலை மேஜையில் கிடக்கும், துணைத் தலைவர் வெளியூர் போயிருப்பார், தெருவிளக்கு மாதக்கணக்கில் எரியாது, பழி தலைவர் மேல் விழும். ஆகவே வெள்ளைச் சீட்டில் பெயர் வரும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: துணைத் தலைவராக யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள், அவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தால் அவரை நீக்கத் தீர்மானம் கொண்டுவருவீர்களா?